பல்லைக் காட்டுங்கள், பதில் சொல்கிறேன்

திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பி நெடுமங்காடு தாண்டி, விதுரா தாண்டி, பொன்முடி மலையின் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கல்லாறு. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பாதையிலிருந்து வந்த கடிதக் கட்டைப் பிரித்தால் அரசியல் இல்லை, சினிமா இல்லை, எல்லாம் பல். சரி, இந்த முறை பல்லுக்கே விட்டுக்கொடுப்போம்.

எங்கள் ஆற்றில் குளிக்க ஊர் உலகமெல்லாம் வருகிறது. ஒரு பல் டாக்டர் மட்டும் வருவதில்லை. மகளுக்குப் பதின்மூன்று வயது, முன்பல் இரண்டும் தூக்கல். கம்பி போட எங்கே போவது?
– ஓர் அம்மா, கல்லாறு

குளிக்க வந்தவர்களில் டாக்டரும் இருப்பார். ஆனால் லீவில் வந்தவரை மறித்து மகளின் வாயைத் திறந்து காட்டுவது நன்றாயிராது. முதலில் விதுரா தாலுகா ஆஸ்பத்திரி. பல் பிரிவு என்றைக்கு என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். கம்பி வேலை அங்கே நடக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் கம்பிக்கு முன்னால் சொத்தை அடைத்து, ஈறு வீக்கம் தணிந்திருக்க வேண்டும். அந்த வேலையை முடிக்க ஐம்பது கிலோமீட்டர் போகத் தேவையில்லை. அடுத்து நெடுமங்காடு மாவட்ட ஆஸ்பத்திரி. அதற்கும் மேலே, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1959இல் தொடங்கியது, கேரளத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. பல் சீரமைப்புக்கென்றே அங்கே தனித் துறை இருக்கிறது.

அங்கே பெரும்பாலும் மேற்படிப்பு மாணவர்கள்தான் கம்பி போடுவார்கள். "மாணவனா?" என்று முகம் சுளிக்காதீர்கள். அவர்கள் ஐந்து வருஷம் படித்து டாக்டராகி, அதற்குமேல் இதை மட்டும் படிக்க வந்தவர்கள். தலைக்குமேல் பேராசிரியர் நிற்பார். தனியார் கிளினிக்கில் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஆனால் காலத்தால் கட்டணம் கட்ட வேண்டும். வரிசை உண்டு, காத்திருப்புப் பட்டியலும் உண்டு.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். கம்பி ஒரு நாள் வேலை அல்ல. ஒன்றரை முதல் இரண்டு வருஷம், நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போய் முறுக்கிக்கொண்டு வர வேண்டும். ஏறக்குறைய இருபது பஸ் பயணம், இருபது நாள் பள்ளி லீவு, கூட வரும் உங்களுக்கு இருபது நாள் கூலி. அதனால் விதுராவிலோ நெடுமங்காட்டிலோ தனியார் கிளினிக் பார்த்தாலும் தப்பில்லை. அங்கே கம்பி போடும் ஸ்பெஷலிஸ்ட் தினமும் இருக்கிறாரா, மாதம் ஒரு முறை வந்துபோகிறாரா, தொடங்கியவரேதான் முடிப்பாரா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். டாக்டர் எங்கே படித்தார் என்பதோடு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டிய சிகிச்சை இது.

போர்டில் பி.டி.எஸ்., எம்.டி.எஸ். என்று எழுத்தாகப் போட்டிருக்கிறது. எந்த எழுத்துக்காரரிடம் போகட்டும்?
– ஆட்டோ ஓட்டுநர், விதுரா

பி.டி.எஸ். என்றால் ஐந்து வருஷப் பல் மருத்துவப் படிப்பு. சொத்தை அடைக்க, பல் எடுக்க, வேர் சிகிச்சை செய்ய, கிளீன் செய்ய அவர் போதும். எம்.டி.எஸ். என்றால் அதற்குமேல் மூன்று வருஷம், ஒரே துறையில். இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுவது. எம்.டி.எஸ். எல்லாரும் கம்பிக்காரர்கள் அல்ல. ஈறுக்கு எம்.டி.எஸ். உண்டு, குழந்தைப் பல்லுக்கு உண்டு, தாடை அறுவைக்கு உண்டு. கம்பிக்கு உரியவர் 'ஆர்த்தோடான்டிக்ஸ்' படித்தவர். போர்டில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரிடம் இரண்டு வருஷம் வாயைத் திறந்து உட்காருவது கஷ்டம்.

பி.டி.எஸ். டாக்டர் கம்பி போடச் சட்டத்தில் தடை இல்லை. லேசான கோணலுக்குச் சிலர் நன்றாகவே போடுகிறார்கள். தாடையே முன்னால் வந்திருக்கிறது, கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கிறது என்றால் ஸ்பெஷலிஸ்ட்தான்.

எந்த எழுத்தானாலும் மாநில டென்டல் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேரள டென்டல் கவுன்சில் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. 1948ஆம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டம் வருவதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் கடை போடலாம். சட்டம் வந்தபோது, படிக்காமலே அதற்கு முன் ஐந்து வருஷமாவது அதையே பிழைப்பாக வைத்திருந்தவர்களுக்கு மட்டும் 'பி' பகுதி என்று தனிப் பட்டியல் திறந்து பெயர் எழுதிக்கொண்டார்கள். சென்னையில் 'சைனீஸ் டென்டிஸ்ட்' போர்டுகளைப் பார்த்த பெரியவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். இன்றைக்கு "எங்க தாத்தா காலத்திலிருந்தே பல் பார்க்கிறோம்" என்று யாராவது சொன்னால், தாத்தாவை விசாரித்ததாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பல் எலும்பில் இறுகி நிற்கிறது. ஒரு மெல்லிய கம்பி எப்படி அதை நகர்த்தும்? சயின்ஸ் சாருக்கும் தெரியவில்லை.
– பத்தாம் வகுப்பு, விதுரா

சயின்ஸ் சாரைக் காட்டிக்கொடுக்காதே தம்பி, அவர் இதைப் படிக்கக்கூடும். பல் எலும்பில் ஆணி அடித்தாற்போல நிற்கவில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே காகிதத் தடிமனுக்கு ஒரு நார்ப் படலம் இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கம் மெல்லத் தள்ளும்போது அந்தப் படலம் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் இழுபடும். நசுங்கும் பக்கத்தில் எலும்பைத் தின்னும் செல்கள் வேலையைத் தொடங்கும். இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் வந்து நிரப்பும். உங்கள் ஊர் ஆறு மழைக்காலத்தில் ஒரு கரையைக் கரைத்து எதிர்க்கரையில் மணல் சேர்த்து, மெல்ல இடம் மாறுகிறதல்லவா? பல்லும் அப்படித்தான் போகிறது. வேகம் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்.

அவசரப்பட்டு இறுக்கி முறுக்கினால் சீக்கிரம் நகரும் என்று நினைக்காதே. ரத்த ஓட்டம் நின்று நார்ப் படலம் செத்துப்போகும், வேர் கரையும், பல் அசையாமல் நிற்கும். மெல்லிய விசை, இடைவிடாமல். இதுதான் சூத்திரம். அதற்கென்றே வாய்த்தது நிக்கல்–டைட்டானியம் கம்பி. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் 1960 வாக்கில் வேறு எதற்கோ கண்டுபிடித்த உலோகம். எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பத் துடிக்கும். 1970களில் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார்கள். கடற்படைக்காரர்கள் செய்ததில் உன் வாய்க்குள் வந்த நல்ல விஷயம் அது ஒன்றுதான்.

மேல்பல் பிடுங்கினால் கண் போய்விடுமாமே?
– தேநீர்க்கடை, கல்லாறு

பார்வை நரம்பு மூளையிலிருந்து தனி வழியில் கண்ணுக்குப் போகிறது. மேல்பல்லின் நரம்பு வேறு கிளை. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பல்லும் போய், பிறகு வயதானதால் கண்ணும் மங்கியவர்களைப் பார்த்துக் கட்டிய கதை இது.

எட்டு வயதுப் பையனுக்கு முன்பல் நடுவே பெரிய சந்து. மாமியார் "அதிர்ஷ்டம், தொடாதே" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரி "உடனே கம்பி போடு" என்கிறாள். யார் சொல்வது சரி?
– மருமகள், பாலோடு

அபூர்வமாக இந்த வழக்கில் மாமியாருக்கே தீர்ப்பு, காரணம் மட்டும் வேறு. ஏழிலிருந்து பதினொன்று வயதுவரை முன்பற்கள் விரிந்து விசிறிபோலத் தெரிவது இயல்பு. மேலே எலும்புக்குள் சிங்கப் பல் காத்துக்கொண்டிருக்கிறது, அது இறங்கும்போது அக்கம்பக்கத்தை நெருக்கிச் சந்தை மூடிவிடும். பலருக்கு அப்படியே சரியாகும். உதட்டையும் ஈறையும் இணைக்கும் சதை மடிப்பு தடிமனாக இருந்தாலோ, கூடுதலாக ஒரு பல் உள்ளே ஒளிந்திருந்தாலோ மூடாது.

அதனால் கம்பி வேண்டாம், ஆனால் ஒரு முறை காட்டிவிடுங்கள். அமெரிக்கக் கம்பி டாக்டர்கள் சங்கம் ஏழு வயதில் முதல் பரிசோதனை என்று சொல்கிறது. நம் ஊரில் பதினேழில் கூட்டிப்போகிறோம். ஏழுக்கும் பத்துக்கும் நடுவே போனால் சில விஷயங்கள் சுலபத்தில் தீரும். பையன் விரல் சூப்புகிறானா, தூங்கும்போது வாயால் மூச்சு விடுகிறானா, வாயை மூடினால் மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்பக்கம் போய் விழுகிறதா? இந்த மூன்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

கம்பி போட நாலு நல்ல பல்லைப் பிடுங்க வேண்டும் என்கிறார் டாக்டர். சொத்தையே இல்லாத பல்லைப் பிடுங்குவதா? கொள்ளையா, சிகிச்சையா?
– கோபத்தில் ஒரு அப்பா, நெடுமங்காடு

பிடுங்குவதில் அவருக்குப் பெரிய லாபம் இல்லை, கோபத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். தாடை சின்னது, பல் பெரியது என்றால் இடம் எங்கிருந்து வரும்? கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் இருக்கிற சிறு கடைவாய்ப் பல்லை எடுப்பது பழக்கம். ஆனால் எல்லாருக்கும் தேவையில்லை. சிலருக்குப் பல்லின் ஓரத்தை மயிரிழை அளவு தேய்த்தே இடம் உண்டாக்கலாம். வளரும் வயதில் மேல்தாடையை விரிக்கலாம். பிடுங்கத்தான் வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்தார் என்று கேளுங்கள். பல் அச்சு எடுத்தாரா? முழு வாய் எக்ஸ்ரேயும் பக்கவாட்டு முக எக்ஸ்ரேயும் எடுத்துக் கோணங்களை அளந்தாரா? அந்தப் பக்கவாட்டுப் படம் 1931 முதல் இருக்கிற முறை, புதுசு அல்ல. இவற்றை மேசையில் விரித்து விளக்கினால் சிகிச்சை. டார்ச் அடித்துப் பார்த்து ஐந்து நிமிஷத்தில் "நாலு பல் எடுக்கணும்" என்றால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

சித்திரையில் கல்யாணம். இப்போது கம்பி போட்டால் மூன்று மாதத்தில் முடியுமா?
– மணப்பெண், ஊர் வேண்டாம்

மூன்று மாதத்தில் மூன்று மில்லிமீட்டர் நகரும், போட்டோவில் தெரியப்போவது கம்பிதான். மாப்பிள்ளை உங்களைக் கம்பி இல்லாமல் பார்த்துத்தானே சம்மதித்தார்? கல்யாணம் முடிந்து போடுங்கள். ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் கம்பிக்கு மேல்வயது வரம்பு கிடையாது. நாற்பதில் போடுகிறவர்கள் உண்டு. இப்போதைக்குக் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு பல் கிளீன் செய்துகொள்ளுங்கள். வெள்ளையாக்கத்தான் வேண்டும் என்றால் கடைசி வாரத்தில் வேண்டாம். சில நாள் பல் கூசும், தாலி கட்டும் நேரத்தில் பாயசம் குடித்து நீங்கள் முகம் சுளித்தால் ஊர் வேறு அர்த்தம் கொள்ளும்.

பல்லை வைத்து ஒரு கோயில் கட்டியிருக்கிறார்களாமே?
– பொது அறிவு ஆர்வலர், விதுரா

கண்டி, தலதா மாளிகை. புத்தரின் பல் என்று போற்றுகிறார்கள். அதைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. நமக்கோ தினமும் இரண்டு வேளை தொட அனுமதி உண்டு, ஒரு வேளையோடு விட்டுவிடுகிறோம்.

என் பாட்டி உமிக்கரியும் மாவிலையும் வைத்துத்தான் பல் தேய்த்தாள். முத்துப் பல். இப்போது எலுமிச்சையும் சோடா உப்பும் தேய்த்தால் வெளுக்கும் என்று வீடியோ வருகிறது. பேஸ்ட்டைத் தூக்கிப் போடலாமா?
– பாரம்பரியப் பிரியர், கல்லாறு

பாட்டிக்கு முத்துப் பல் இருந்த காரணம் உமிக்கரி மட்டும் அல்ல. அவர் காலத்தில் பிஸ்கட் பாக்கெட் இல்லை, ஒரு நாளைக்கு ஆறு சர்க்கரைத் தேநீர் இல்லை. உமிக்கரி கறையை எடுக்கும், சந்தேகமில்லை. உமியில் சிலிக்கா மிகுதி, உப்புத்தாள் செய்கிற வேலையைச் செய்யும். கறையோடு எனாமலையும் கொஞ்சம் கொஞ்சமாக வழித்துவிடும். எனாமல் திரும்ப வளராது. அது தேயத் தேய, அடியில் இருக்கிற டென்டின் என்ற மஞ்சள் அடுக்கு தெரியும். வெள்ளையாக்கப் போய் மஞ்சளாவது இப்படித்தான்.

எலுமிச்சை இன்னும் மோசம். அமிலத்தைக் காட்டும் pH அளவு 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும், எலுமிச்சைச் சாறு இரண்டை ஒட்டி நிற்கிறது. அமிலத்தில் ஊறி இளகிய பல்லை உடனே தேய்ப்பது, ஈரச் சுவரைச் சுரண்டுகிற வேலை. எலுமிச்சை மீன்கறிக்கு.

ஆலங்குச்சி, வேலங்குச்சியை நான் பழிக்கவில்லை. மென்று நுனியைப் பூவாக்கி மெல்லத் தேய்த்தால் தோட்டத்தில் பிரஷ் மறந்த நாளுக்கு அது போதும். சிவப்புப் பல்பொடி வாங்குகிறவர்கள் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை கலப்பதை 1992இல் மத்திய அரசு தடை செய்தது, அதற்குமுன் சர்வ சாதாரணமாகக் கலந்தார்கள்.

டவுனில் ஒரு பியூட்டி பார்லரில் நீல விளக்கு வைத்து அரை மணியில் பல்லை வெள்ளையாக்குகிறார்கள். போகலாமா?
– கல்லூரி மாணவி, நெடுமங்காடு

புருவம் சரிசெய்யப் போங்கள். பல் வெள்ளையாக்கும் மருந்து பெராக்சைடு. அது எனாமலுக்குள் ஊடுருவி நிறமிகளை உடைக்கிறது. சொத்தை இருக்கும் பல்லில் பட்டால் நரம்புவரை போய்க் குத்தும், ஈறில் பட்டால் வெந்துபோகும். முதலில் சொத்தையும் கீறலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதைப் பார்க்கப் பார்லரில் யார் இருக்கிறார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம்வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள மருந்து பல் டாக்டர் வழியாக மட்டும்தான், பதினெட்டு வயதுக்குக் கீழே கூடாது. நீல விளக்கு பார்க்க அழகாக இருக்கும். வேலையைச் செய்வது மருந்து.

நிதானமான வழி ஒன்று இருக்கிறது. டாக்டர் உங்கள் பல்லுக்கு அளவெடுத்து ஒரு மெல்லிய தட்டு செய்து தருவார். அதில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் ஒரு துளி வைத்து இரவில் போட்டுத் தூங்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு வாரம். 1989இல் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் ஹேவுட்டும் ஹேமனும் எழுதி வெளியிட்ட முறை, இன்றும் நிற்கிறது. டாக்டரிடம் பதினாறு சாயல் பற்கள் கொண்ட ஓர் அட்டை இருக்கும். தொடங்குமுன் அதில் உங்கள் சாயலைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள், முடிந்த பிறகு வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். அடைத்த பல், தொப்பி போட்ட பல் எதுவும் வெளுக்காது. மற்றவை வெளுத்து அது மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். முன்பல்லில் அப்படி ஒன்று இருந்தால் வெள்ளையாக்கும் முன் யோசியுங்கள்.

தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வாழ்கிறீர்கள், கட்டன் சாயா குடிப்பீர்கள். சாயம் திரும்ப ஏறும். சில மாதத்திலிருந்து இரண்டொரு வருஷம், அவ்வளவுதான் இந்த வெள்ளையின் ஆயுசு. பல்லின் இயற்கை நிறமே லேசான மஞ்சள் என்பதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.

தர்மபுரியிலிருந்து மருமகள் வந்திருக்கிறாள். பல்லில் பழுப்புப் பட்டை. சரியாகத் தேய்க்கவில்லை என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள்.
– நல்ல மாமியார், பொன்முடிப் பாதை

கேலி செய்தவர்களை நிற்கவைத்து இதைப் படியுங்கள். அது அழுக்கு அல்ல, ஃபுளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பாறை அப்படி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் ஒன்றரை. அதற்குமேல் உள்ள தண்ணீரைக் குழந்தைப் பருவத்தில், பல் எலும்புக்குள் உருவாகும்போது குடித்தால் எனாமலிலேயே அந்தப் பட்டை பதிந்துவிடும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013இல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். உங்கள் மருமகள் அதற்கு முன்னால் பிறந்தவளாக இருப்பாள்.

எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மேலோட்டமான பட்டையை டாக்டர் மிக மெல்லிய அடுக்காகத் தேய்த்தெடுத்துக் குறைக்கலாம், ஆழமானதற்கு மேலே பூச்சு உண்டு. வேண்டுமா என்று அவளிடம் கேளுங்கள், உறவினர்களிடம் அல்ல.

கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்கிறார்கள்.
– பயந்தவர், விதுரா

பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது, பல்லில் படிந்த காறைதான் முட்டுக்கொடுத்திருந்தது. அடியில் எலும்பு கரைந்த பிறகு போனால் அப்படித்தான் தெரியும். சீக்கிரம் போயிருந்தால் ஆடியிருக்காது.

கம்பியே தெரியாத கண்ணாடித் தட்டு இருக்கிறதாம். ஆன்லைனில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கே வருமாம். மலை இறங்கவே வேண்டாம் அல்லவா?
– சோம்பல் மன்னன், பொன்முடி

அலைனர் என்று பெயர். 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி ஒன்று பிரபலமாக்கியது. தினமும் இருபத்திரண்டு மணி நேரம் போட்டிருக்க வேண்டும், சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டும் கழற்றலாம். லேசான கோணலுக்கு நன்றாக வேலை செய்யும். விலை உலோகக் கம்பியைப்போலப் பல மடங்கு. சோம்பல் மன்னர்களுக்கு இது சரிப்படாது, கழற்றி மேசையில் வைத்துவிட்டு மறந்துபோவீர்கள்.

டாக்டர் நேரில் பார்க்காமல் தபாலில் அனுப்புகிற வியாபாரத்தின் கதையும் கேளுங்கள். அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற பெரிய கம்பெனி 2023 டிசம்பரில் திடீரென்று கதவைச் சாத்தியது. பாதி நகர்ந்த பல்லோடு வாடிக்கையாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். எக்ஸ்ரே எடுக்காமல், ஈறைப் பார்க்காமல் பல்லை நகர்த்துகிற எவரிடமும் வாயைக் கொடுக்காதீர்கள். மலை இறங்குங்கள்.

கம்பி போட்டால் சக்கை வற்றல் சாப்பிடலாமா? பள்ளியில் "ரயில் தண்டவாளம்" என்கிறார்கள்.
– ஒன்பதாம் வகுப்பு, கல்லாறு

சக்கை வற்றல், நேந்திரங்காய் வறுவல், முறுக்கு, கடலைமிட்டாய், ஐஸ் கட்டி, ஐந்துக்கும் தடை. கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் பெயர்ந்துவிடும், அதை ஒட்ட ஒரு பஸ் பயணம் கூடும். வேகவைத்த கப்பை, இட்டிலி, புட்டு, பழம், மீன் எல்லாம் தாராளம். கம்பி குத்தினால் டாக்டர் தரும் மெழுகை ஒட்டிக்கொள். சாப்பிட்ட பிறகெல்லாம் தேய்க்க வேண்டும், பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால் கம்பியைக் கழற்றும்போது அங்கங்கே சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு நிற்கும். கேலி செய்கிறவனிடம் இரண்டு வருஷம் பொறு என்று சொல்.

மூத்தவளுக்குக் கம்பி கழற்றி ஒரு வருஷம். பல் பழையபடி திரும்புகிறது. பணம் தண்டமா?
– அப்பா, விதுரா

ரிடெய்னர் என்று ஒரு தட்டு கொடுத்திருப்பார்களே, அது எங்கே? அலமாரியில்தானே? எலும்பு புது இடத்தில் இறுக நாளாகும், ஈறின் நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் பெரும்பாலான நேரம், பிறகு இரவில், பல வருஷம் போட வேண்டும். பல்லின் உள்பக்கம் ஒட்டிவிடும் மெல்லிய கம்பியும் உண்டு, மறதிக்காரர்களுக்கு அதுவே உத்தமம். இப்போதே போனால் லேசான திருத்தத்தோடு முடியும்.

கிளினிக் சுத்தமா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்? தரை பளபளவென்று இருக்கிறது.
– சந்தேகி, நெடுமங்காடு

தரையில் யாரும் உங்கள் பல்லைப் பிடுங்கப்போவதில்லை, கருவியைப் பாருங்கள். 2022–23இல் வட தமிழ்நாட்டில் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற கிருமிக் காய்ச்சல் பலருக்கு வந்தது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் துப்புத் துலக்கியபோது நோயாளிகளில் பலர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள் என்று தெரிந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். உப்புநீர் பாட்டிலைச் சுத்தம் செய்யாத கருவியால் நெம்பித் திறந்து, தளர மூடி, மறுபடி மறுபடி பயன்படுத்தியதுதான் காரணம் என்று 2025இல் வெளியான ஆய்வு சொன்னது. பெரிய இயந்திரக் கோளாறு இல்லை, ஒரு பாட்டில்.

கருவிகள் ஆட்டோக்ளேவில், அதாவது அழுத்த நீராவியில் 121 டிகிரியில் வேக வேண்டும். அப்படி வெந்த கருவி மூடிய உறையில் இருக்கும், உறையில் நிறம் மாறும் கோடு ஒன்று இருக்கும். அதை உங்கள் கண் முன்னால் கிழித்துத் திறக்கிறார்களா? ஒவ்வொரு ஆளுக்கும் கையுறை மாற்றுகிறார்களா? கழுவும் தண்ணீர் புதிதாகத் திறந்த பாட்டிலா? கேட்பது உங்கள் உரிமை. நல்ல டாக்டர் சந்தோஷமாகக் காட்டுவார்.

கம்பி, வெள்ளை என்று பேசுகிறீர்கள். எனக்குப் பல்லே இல்லை. என்னைப் பற்றி ஒரு வரி?
– எழுபத்திரண்டு வயது, கல்லாறு

உங்களுக்கு ஒரு வரி போதாது, பல் செட்டே இருக்கிறது. கேரள அரசின் சமூக நீதித் துறையில் 'மந்தஹாசம்' என்று ஒரு திட்டம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பல் செட் கட்டித் தருகிறார்கள். ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசிலோ அங்கன்வாடியிலோ எப்படி விண்ணப்பிப்பது என்று கேளுங்கள். செட் வந்ததும் சக்கை வற்றலில் தொடங்காதீர்கள்.

பேரன் கல்யாணத்துக்குப் பல்லை வெள்ளையாக்க வேண்டும். ஐம்பது வருஷமாக வெற்றிலை பாக்குப் போடுகிறேன். பல் சிவப்பு, கன்னத்தின் உள்ளே மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. வலி இல்லை.
– பாட்டி, தோட்டத்து லயம்

பாட்டி, பல்லை விடுங்கள். அந்த வெள்ளைத் திட்டைத்தான் முதலில் காட்ட வேண்டும். புகையிலை சேர்க்காமல் பாக்கு மட்டும் போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. வலி இல்லை என்பது நல்ல அறிகுறி அல்ல, ஆரம்பத்தில் அது வலிக்காது. எல்லா வெள்ளைத் திட்டும் புற்று ஆகாது, ஆனால் எது ஆகும் என்பதைக் கண்ணாடியில் பார்த்து நாம் சொல்ல முடியாது.

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்னது உங்கள் மாவட்டம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், எல்லாரும் ஆர்.சி.சி. என்பார்களே, அவர்கள் 1996இல் இந்த மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். டாக்டர்கூட இல்லை, பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களில், இப்படிப் பார்க்கப்பட்டவர்களிடையே வாய்ப் புற்று மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு டார்ச் வெளிச்சத்துக்கு அவ்வளவு மதிப்பு.

கல்யாணம் பிறகு. வெற்றிலைப் பெட்டியை மூடிவையுங்கள். நாளைக் காலையில் பேரனைக் கூட்டிக்கொண்டு விதுரா ஆஸ்பத்திரிக்குப் போய், பல் டாக்டரிடம் கன்னத்தின் உள்பக்கத்தைக் காட்டுங்கள். அவர் ஆர்.சி.சி.க்கு எழுதிக் கொடுத்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் போய்வாருங்கள். அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.